மார்கழி – தை நிலவரம்: சம்பா, உளுந்து, மாடு. உங்கள் வயலில் எப்படி?

வெண்ணாற்றங்கரை | மார்கழி 19

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்து நிலவரத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். உங்கள் ஊர் நிலவரத்தையும் எழுதுங்கள்.

மேட்டு வயலில் டி.கே.எம். 13 நெல். பால் முற்றி மணி கட்டிவிட்டது, கதிர் சாயத் தொடங்கியிருக்கிறது. பொங்கல் முடிந்ததும் அறுப்புக்கு வந்துவிடும். பள்ளக்கால் வயலில் சி.ஆர். 1009 சப்-1, தண்ணீரில் முழுகினாலும் தாங்கும் நெல் ரகம். கார்த்திகை மழையில் தலை முழுகக் கிடந்த பயிர் இது. தண்ணீர் வடிந்ததும் பழுத்த தாளைத் தள்ளிவிட்டுப் புதுத் தூர் கட்டி எழுந்துவிட்டது. இப்போதுதான் பூ எடுக்கிறது. அறுப்பு தை கடைசியில்தான்.

பனிதான் கவலையாக இருக்கிறது. காலை எட்டு மணிக்கும் வயலுக்குள் போனால் வேட்டி முழங்காலுக்கு மேல் நனைகிறது. வாய்க்கால் தலைப்பில் யூரியா கொஞ்சம் கூடுதலாக விழுந்த இடத்தில் பயிர் கருகருவென்று நிற்கிறது. அங்கேதான் இலையில் கண் மாதிரி குலைநோய்ப் புள்ளி தெரிகிறது. மற்ற இடம் சுத்தமாக இருக்கிறது.

மாட்டு விஷயம். உம்பளச்சேரி இரண்டு, ஜெர்சி கலப்பு ஒன்று. உம்பளச்சேரி ஒன்று கார்த்திகையில் ஈன்றது, கிடேரிக் கன்று. செவலையாகத் துள்ளிக்கொண்டு திரிகிறது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். போன வருஷத்து வைக்கோல் போர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. மழையில் ஒரு பக்கம் ஊறி பூசணம் பிடித்ததைக் கழித்துவிட்டேன்.

இனி என் கேள்வி. எல்லா வயலும் பெல்ட் வண்டி (சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடுகிற அறுப்பு மிஷின்) அறுப்புதான், ஆள் கிடையாது. நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு முன்னால் உளுந்தும் தெளிக்க வேண்டும், மாட்டுக்கு வைக்கோலும் வேண்டும். முளைத்த உளுந்து மேல் அறுப்பு வண்டி ஒரு தடவை ஓடுகிறது, அப்புறம் வைக்கோல் கட்டும் மிஷினோடு டிராக்டர் இன்னொரு தடவை ஓடுகிறது. கட்டாமல் விட்டால் வண்டி கொட்டிய வரிசைக்கு அடியில் உளுந்து மூச்சு முட்டி வெளுத்துப் போகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

---

கோட்டூர்க்காரன் | மார்கழி 19

அண்ணே, நாங்கள் கடைமடை. எங்களுக்குத் தண்ணீர் வருவதும் கடைசி, வடிவதும் கடைசி. பயிர் உங்களைவிடப் பத்து நாள் பின்னால் நிற்கிறது. மேட்டூர் அணையை ஜனவரி 28-க்கு மூடிவிட்டால் பிந்தி நட்ட சம்பாவுக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்குமா என்பதே இங்கே பேச்சு.

உளுந்து பற்றி ராத்திரி விவரமாக எழுதுகிறேன்.

---

திரும்பி வந்தவன் | மார்கழி 20

வணக்கம். சென்னையில் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்தைப் பார்க்க வந்திருக்கிறேன், திருத்துறைப்பூண்டி பக்கம். முதல் சம்பா. தூரில் பழுப்பாகச் சின்னச் சின்னப் பூச்சி இருக்கிறது. பயிரைத் தட்டினால் தண்ணீரில் உதிர்கிறது. கடையில் கேட்டால் ஒரே மருந்தில் எல்லாம் போய்விடும் என்று ஒரு பாட்டில் கொடுக்கிறார்கள். அடிக்கலாமா?

---

கொள்ளிடக்கரை | மார்கழி 20

தம்பி, அது புகையான், தூரில் சாறு உறிஞ்சுகிற பூச்சி. பாட்டிலை ஓரமாக வையுங்கள். அதில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று ஏதாவது எழுதியிருந்தால் தொடவே தொடாதீர்கள். அந்த வகை மருந்து புகையானைத் தின்கிற சிலந்தியையும் மிரிட் நாவாய்ப் பூச்சியையும் கொன்றுவிட்டுப் புகையானைப் பெருக்கிவிடும். வயல் வட்ட வட்டமாகக் கருகிய பிறகு எதை அடித்தும் பிரயோஜனம் இல்லை.

முதலில் தண்ணீரை வடியுங்கள். பிறகு எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி வருகிற மாதிரி பயிரைக் கையால் ஒதுக்கிப் பட்டம் பிரியுங்கள். வெயிலும் காற்றும் தூருக்குப் போக வேண்டும். அதற்கப்புறம் குனிந்து எண்ணிப் பாருங்கள். ஒரு தூருக்கு ஒரு பூச்சிக்கு மேல் இருந்தால்தான் மருந்தே யோசிக்க வேண்டும். சிலந்தி நடமாட்டம் இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். அப்படியே அடிக்க வேண்டி வந்தாலும் உங்கள் வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டு அடியுங்கள், தூரில் படுகிற மாதிரி அடியுங்கள். மேலே இலையில் தெளித்துவிட்டு வருவது வீண்.

யூரியா மிச்சம் இருந்தால் மூட்டையைக் கட்டி வையுங்கள்.

---

திரும்பி வந்தவன் | மார்கழி 20

நன்றி ஐயா. நாளைக்கே மடை திறந்துவிடுகிறேன்.

---

கோட்டூர்க்காரன் | மார்கழி 20

உளுந்து விஷயத்துக்கு வருகிறேன்.

கை அறுப்புக் காலத்துக் கணக்கு அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால் தெளிப்பது. ஆள் நடந்து அறுத்து, கட்டு கட்டித் தலையில் தூக்கிப் போனார்கள். முளைத்து இரண்டு இலை விட்ட உளுந்துக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. பெல்ட் வண்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இரண்டு இலைச் செடி மேல் பெல்ட் திரும்பினால் தண்டு பிய்ந்துவிடும். நாங்கள் இப்போது வண்டி வர மூன்று நாலு நாள் இருக்கும்போதுதான் தெளிக்கிறோம். விதை ஊறி முனை மட்டும் விட்டிருக்கும். அதை பெல்ட் சேற்றில் அழுத்தினாலும் எழுந்துவிடுகிறது. இதில் ஒரு ஆபத்து உண்டு. வண்டிக்காரர் "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி நாலு நாள் இழுத்தால் கணக்கு கெட்டுப்போகும். வண்டி பக்கத்து வயலில் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாங்கள் விதையைக் கையில் எடுக்கிறோம்.

பதம் முக்கியம். வயலுக்குள் நடந்து பாருங்கள். கால் பதிந்த குழியில் தண்ணீர் ஊறி வந்தால் இன்னும் ஈரம் அதிகம், விதை அழுகும். குழி அப்படியே தடம் நின்று, விரலால் அழுத்தினால் மெழுகு மாதிரி வழவழவென்று அமுங்கினால் அன்றைக்குத் தெளிக்கலாம். வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டால் தாமதம். ஏக்கருக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ. வண்டி ஓடுகிற வயல் என்றால் பன்னிரண்டே போடுங்கள். கிலோ விதைக்கு நாலு கிராம் டிரைக்கோடெர்மா (அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சை), அப்புறம் ரைசோபியம் (வேர் முடிச்சு நுண்ணுயிர்). வடிகஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்தித் தெளிக்கிறோம்.

வைக்கோலுக்கு எங்கள் வழி: வண்டிக்காரரிடம் சொல்லி ஒரு அடி உயரத்தில் அறுக்கச் சொல்வோம். பின்னால் கொட்டும் வைக்கோல் குறையும், உளுந்து மூடாது. நிற்கிற தாள் கன்றுச் செடிக்கு முதல் வாரத்தில் வெயில் மறைப்பாகவும் இருக்கும். கொட்டிய வரிசையை மறுநாளே நாலு பேர் கவையால் வாரி வரப்பில் போட்டுவிடுவோம். கிடைப்பது பாதி வைக்கோல்தான். மாடு குறைவாக இருப்பதால் எங்களுக்குப் போதுகிறது.

---

மாட்டுக்கொட்டகை | மார்கழி 21

ஒரத்தநாட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பி சொன்னது உளுந்துக்காரர் கணக்கு. மாட்டுக்காரி கணக்கையும் கேளுங்கள்.

ஒரு கறவை மாட்டுக்குப் பசுந்தீவனம் போக நாளைக்கு ஐந்து கிலோ வைக்கோல் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 1,800 கிலோவுக்கு மேல் போகிறது. வண்டி அறுத்து, உடைந்து, மிதிபட்டு, பனியில் நனைந்து, கடைசியில் ஏக்கருக்குக் கையில் கட்டாக வருவது ஒன்று, ஒன்றரை டன். அதாவது ஒரு மாட்டுக்கு ஒரு ஏக்கர் வைக்கோலே இழுபறி. ஒரு அடி உயரத்தில் அறுத்துப் பாதியை நிலத்திலேயே விட்டால் புரட்டாசி, ஐப்பசியில் ரோல் ரோலாக விலைக்கு வாங்க வேண்டியதுதான். அப்போது அறுப்பு நேரத்து விலைக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். தை மாதம் லாரி லாரியாக நம் வைக்கோல் வெளி மாவட்டத்துக்குப் போவதைப் பார்க்கிறோம். அதே வைக்கோலைத் தேடி மழைக்காலத்தில் நாமே அலைகிறோம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வைக்கோல் போர் எல்லாம் பறந்தும் நனைந்தும் போய், மாட்டை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டோம் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு எத்தனை நல்ல மாடுகள் சந்தைக்குப் போயின! அதற்குப் பிறகு போரைத் தரையில் போடுவதை விட்டுவிட்டோம். கருங்கல் அடுக்கி, மேலே சவுக்குக் கழி பரப்பி, அதன் மேல் போர். அடி ஈரம் ஏறுவதில்லை.

வைக்கோல் குறைவாக இருந்தால் இருப்பதற்குச் சத்து கூட்டலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள். எடுத்து ஒரு மணி நேரம் ஆற விட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள கன்றுக்குக் கூடவே கூடாது. யூரியாவைத் தண்ணீரில் கரைத்து அப்படியே வைத்துவிட்டு நகராதீர்கள், மாடு குடித்தால் செத்துப்போகும்.

---

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | மார்கழி 22

நல்ல இழை. என் பங்குக்குச் சில விஷயங்கள்.

மழை நின்று பனி தொடங்கியதும் டெல்டாவில் முதலில் பார்க்க வேண்டியது தட்டைப்புழு. வாய்க்கால், பள்ளம், வயல் ஓரத்தில் இந்தப் புழுவைச் சுமக்கும் நத்தை இருக்கிறது. அந்த ஓரத்துப் புல்லை மாடு மேய்கிறது. பிறகு ஈரல் கெடுகிறது. மாடு மெலிந்து, கழிச்சல் கண்டு, தாடைக்கு அடியில் பை மாதிரி வீக்கம் தொங்கினால் தாமதிக்காதீர்கள். சாணத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போங்கள். உருண்டைப் புழு மருந்தை வாங்கி ஊற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று இருக்கக் கூடாது. தட்டைப்புழுவுக்குத் தனி மருந்து.

கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. 2019-லிருந்து தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். முகாம் அன்று மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டு, பிறகு வாயில் புண் என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செம்மறி வைத்திருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் நீலநாக்கு நோயைக் கவனியுங்கள். கடிக்கும் சிறு ஈக்கள்தான் பரப்புகின்றன. சாயங்காலம் பட்டியில் நொச்சி, வேப்பிலைப் புகை போடுவது நல்லது.

அப்புறம் மாட்டுப் பொங்கல். வருஷா வருஷம் சொல்கிறேன், இந்த வருஷமும் சொல்கிறேன். பாசத்தில் பானை நிறையச் சோறும் வெல்லமும் வாழைப்பழமும் கொடுக்காதீர்கள். ஒரு வாய், மஞ்சள் இலையில், சாங்கியத்துக்கு. அதிகமாகப் போனால் வயிற்றில் அமிலம் ஏறி, அசை போடுவது நின்று, மாடு படுத்துவிடும். மறுநாள் மருந்தகத்தில் நிற்கிற கூட்டத்தில் பாதி இதற்குத்தான். களத்தில் சிதறிய நெல்லை மேய்ந்தாலும் இதே கதை. அசை போடவில்லை என்றால் மருத்துவர் வரும்வரை தீவனம் எதுவும் வைக்காதீர்கள். சமையல் சோடா எவ்வளவு கரைத்து ஊற்றுவது என்று அவரிடம் போனிலேயே கேட்டுவிடலாம்.

---

வெண்ணாற்றங்கரை | மார்கழி 24

ஆய்வாளர் ஐயா, ஜெர்சி கலப்புக்கு ஒரு காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. மடி லேசாகச் சூடு. காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது.

---

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | மார்கழி 24

மடிநோய் ஆரம்பம். கொட்டகைத் தரை ஈரமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பனிக்காலத்தில் மாடு ராத்திரி முழுக்கச் சாணி ஈரத்தில் படுத்தால் இது வரும்.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையை முள் சீவித் தோலோடு நறுக்கி எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் சிவப்பாக வரும். பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கை விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் தடவுங்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை, ஐந்து நாள். ஒவ்வொரு தடவையும் பழையதைக் கழுவிவிட்டுத் தடவ வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இது. கல் மாதிரி இறுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பாலில் ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரைக் கூப்பிடுங்கள், காத்திருக்காதீர்கள்.

கறந்ததும் மாட்டை அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். முன்னால் கொஞ்சம் புல் போட்டால் நின்றுகொண்டே இருக்கும். காம்புத் துவாரம் மூட அந்த நேரம் வேண்டும்.

---

கொள்ளிடக்கரை | தை 4

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து.

உளுந்தா வைக்கோலா என்று பேசுகிறீர்கள், மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. நான் உளுந்து தெளிப்பதை நிறுத்திவிட்டேன். அடி ஒட்ட அறுத்து வைக்கோலை முழுக்கக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். பிறகு தாள் வயலில் ஆட்டுக்கிடை. இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் தை, மாசியில் மந்தையோடு வந்துவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க ஆடு அடைந்த வயலில் புழுக்கையும் மூத்திரமும் ஒரே சீராக விழுகிறது. அடுத்த சாகுபடிக்கு அடியுரம் தனியாக வேண்டாம். வாத்துக்காரர்களும் வருகிறார்கள், சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கிவிட்டுப் போகிறது வாத்து.

உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் விழுந்தால் மிஞ்சுவது என்ன? அதற்குக் காவல் வேறு. தை பிறந்தால் மாட்டை அவிழ்த்துவிடுவது ஊர் வழக்கம். யாரைத் தடுப்பீர்கள்?

---

கோட்டூர்க்காரன் | தை 4

ஐயா, உங்களுக்குக் கொள்ளிடக்கரையில் ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது, கோடையில் வேறு ஏதாவது வைப்பீர்கள். எங்களுக்கு அறுப்பு முடிந்தால் நிலத்தடியில் உப்புத் தண்ணீர்தான். பனி ஈரத்தில் விளைகிற உளுந்தும் பயறும் விட்டால் ஆடி வரை கையில் காசு கிடையாது. நெல் பணம் கடனுக்குப் போகும், உளுந்துப் பணம்தான் வீட்டுக்கு. அதை நிறுத்து என்று சொல்வது எங்களுக்குப் பொருந்தாது.

காவலுக்கு ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டும். எங்கள் ஊரில் தை முதல் பங்குனி வரை மாடு அவிழ்த்துவிடுவது இல்லை என்று முடிவெடுத்து, காவல்காரருக்கு ஏக்கருக்கு இவ்வளவு உளுந்து என்று பேசி வைத்திருக்கிறோம். மாட்டுக்காரர்களையும் உட்கார வைத்துப் பேசினால்தான் நிற்கும். மேய்ச்சலுக்கு ஏரி ஓரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தோம்.

---

வன்னிக் கமக்காரன் | தை 5

கிளிநொச்சியில இருந்து எழுதுறன். எங்கட காலபோக நெல்லும் இதே பருவமழைப் பயிர்தான், தை மாசியில அருவி வெட்டு, அதுதான் அறுப்பு. இரணைமடுக் குளத்துக்குக் கீழ் வயல்கள் இப்ப கதிர் சாய்ஞ்சு நிக்குது. நீங்கள் புகையான் எண்டு சொல்லுற கபிலத் தத்தி இங்கயும் இருக்கு, தண்ணியை வடிச்சு விடுறதுதான் நாங்களும் செய்யிறது.

மாட்டுப் பிரச்சினை எங்களுக்கு மழை துவங்கேக்கையே வந்திடும். விதைப்பு முடிஞ்ச உடனை பட்டி மாடுகளை வயல் பக்கமிருந்து அப்புறப்படுத்தவேணும். மேய்ச்சல் தரை ஒதுக்கித் தரச் சொல்லிக் கனகாலமாக் கேட்கினம். ஒதுக்கின இடத்திலயும் ஆக்கள் வந்து குடியேறுகினம், இல்லாட்டி வயலாக்குகினம். மாடு வைச்சிருக்கிறவனும் வயல் செய்யிறவனும் ஒரே ஊருக்குள்ள முரண்படுறதுக்கு அதுதான் காரணம். கோட்டூர்த் தம்பி சொன்ன ஏரி ஓரம் போல ஒரு இடம் இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

---

மாட்டுக்கொட்டகை | தை 5

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன் அண்ணா. மேய்ச்சல் நிலம் போன பிறகு மாட்டின் மேல் பழி போடுவது நியாயம் இல்லை.

---

வெண்ணாற்றங்கரை | தை 9

மேட்டு வயல் அறுத்தாகிவிட்டது. மாடும் தேறிவிட்டது, காம்பில் பால் தெளிவாக வருகிறது. ஆய்வாளர் ஐயாவுக்கு என் வீட்டில் எல்லாரும் நன்றி சொல்லச் சொன்னார்கள். கொட்டகையில் ஈரம் தேங்கிய பக்கத்தைக் கிராவல் கொட்டி உயர்த்திவிட்டேன்.

எல்லாருடைய பேச்சையும் வைத்து ஒரு முடிவுக்கு வந்தேன். மொத்த நிலத்துக்கும் ஒரே முறை என்று வைத்துக்கொண்டதுதான் சிக்கல். வண்டி இறங்குவதற்கு முன்னாலேயே மாட்டுக்கு வருஷத்துக்கு எத்தனை ஏக்கர் வைக்கோல் என்று ஒதுக்கிவிட வேண்டும். மூன்று மாட்டுக்கு ரோட்டை ஒட்டிய மூன்று ஏக்கர். அங்கே உளுந்து கிடையாது. அடி ஒட்ட அறுத்து, வைக்கோல் ஒரு வெயில் காய்ந்ததும் மதியத்துக்கு மேல் கட்ட வேண்டியதுதான். காலையில் பனியோடு கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கிறது. டிராக்டர் வந்து போவதும் சுலபம். உள் வயல் முழுக்க உளுந்து. அங்கே ஒரு அடிக்கு மேல் அறுப்பு, வரிசையைக் கையால் வாரி வரப்பில் போடுவது. ரோட்டோர வயலில் கட்டு ஏற்றிய பிறகு கொள்ளிடக்கரை ஐயா சொன்ன கிடை.

நெல்லில் ஈரம் கூடுதலாக இருந்தது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் கேட்கிறார்கள், பனிக்காலத்து வண்டி அறுப்பில் அது எப்படி வரும்? தார்ப்பாயில் பரப்பிக் கிளறிக் கிளறிக் காய வைத்துத்தான் போட வேண்டியிருந்தது. பனி விலகி பத்து மணிக்கு மேல் வண்டி இறக்கிய வயலில் ஈரம் குறைவு, விடியற்காலையில் அறுத்ததில் அதிகம். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் இன்னும் மோசம். 2021 பொங்கல் நேரத்திலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாய்ந்த கதிர் வயலிலேயே முளை விட்டது.

---

திரும்பி வந்தவன் | தை 10

எங்கள் வயலில் புகையான் அடங்கிவிட்டது. தண்ணீர் வடித்து, பட்டம் பிரித்து, மருந்தே அடிக்கவில்லை. இரண்டு இடத்தில் மட்டும் பாய் அகலத்துக்குக் கருகியிருக்கிறது. ஆனால் இப்போது எலி வெட்டு. வரப்போரம் கதிர் கதிராகக் கத்தரித்துப் போடுகிறது.

---

கோட்டூர்க்காரன் | தை 10

உங்கள் ஊரில் எலி பிடிக்கிறவர்கள் இருப்பார்கள், தஞ்சாவூர்க் கிட்டி வைக்கச் சொல்லுங்கள். மூங்கில் பொறிதான், விஷம் வேண்டாம். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தை சாகும். வயலுக்குள் அங்கங்கே குறுக்குக் கம்பு கட்டிய குச்சி நட்டால் ராத்திரி ஆந்தை வந்து உட்காரும். அறுப்பு முடிந்ததும் பெரிய வரப்பைச் சீவிக் குறுக்கிவிடுங்கள். அகல வரப்பில்தான் வளை தோண்டுகிறது.

---

வெண்ணாற்றங்கரை | மாசி 6

சி.ஆர். 1009-ம் அறுத்து முடிந்தது. மேட்டு வயல் உளுந்து நன்றாக வந்திருக்கிறது. பெல்ட் திரும்பிய மூலையில் மட்டும் வழுக்கை, மற்றபடி சீரான முளைப்பு. ரகம் ஏ.டி.டி. 3. பூ எடுக்கப் போகிறது. ஆனால் வாய்க்கால் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் தேமல் தெரிகிறது. என்ன செய்யலாம்?

---

கோட்டூர்க்காரன் | மாசி 6

மஞ்சளான செடியை இன்றைக்கே வேரோடு பிடுங்கிப் புதைத்துவிடுங்கள் அண்ணே, வரப்பில் போடாதீர்கள். வெள்ளை ஈதான் கடத்துகிறது. ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி செடி உயரத்துக்குக் கட்டுங்கள். வாய்க்கால் ஓரத்துத் துத்திச் செடியை வெட்டிவிடுங்கள், ஈ அங்கே தங்குகிறது. பூ எடுக்கும்போது 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசல், பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. டி.ஏ.பி.யை முந்தின நாள் ராத்திரி ஊற வைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். இல்லாவிட்டால் வேளாண் பல்கலைக்கழகத்துப் பயறு ஒண்டர் (பயறுக்கான சத்துக் கலவை) ஏக்கருக்கு இரண்டு கிலோ.

அடுத்த வருஷத்துக்கு வம்பன் 8 விதை கொஞ்சம் வாங்கி ஒரு வயலில் மட்டும் போட்டுப் பாருங்கள், தேமலைத் தாங்கும் ரகம். நெல்லுக்குப் பின் வருகிற தரிசு உளுந்தாக உங்கள் மண்ணில் எப்படி வருகிறது என்று இங்கேயே எழுதுங்கள். எனக்கும் அது தெரிய வேண்டும்.